டைனமோவில் ஒலித்த வானொலி

வானொலி கேட்பது குற்றமாக இருக்கவில்லை. அதை இயக்கும் பற்றரிதான் தடைப்பொருள். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த யாழ். குடாநாட்டில் மின்சாரமும் நின்றுபோயிற்று. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோ வயரை வானொலிப் பெட்டியில் பொருத்தி, பெடலைக் கையால் சுழற்றினார்கள்.

இரவில் பி.பி.சி. தமிழோசைக்காக அயலவர் கூடுவர். சுழற்றுபவர் சோர்ந்தால் செய்தியும் தேய்ந்துவிடும். ஆகவே, கேட்க வந்தவர் தம் முறைக்குச் சுழற்றுவதே மரியாதை. (சுழற்றியவர் காதில் செய்தி பாதிதான் விழும் என்பது வேறு கதை.) இருப்பதா, இடம்பெயர்வதா என்பதெல்லாம் அந்தச் சில நிமிடங்களை நம்பியே முடிவாயின.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் வெளியேறியபோது, அதே சைக்கிள்கள் மூட்டைகளையும் முதியவர்களையும் சுமந்துகொண்டு தென்மராட்சி நோக்கி நகர்ந்தன.