வார்டுக்கும் வீட்டுக்கும் நடுவே: விருதுநகர் வட்டாரத்தில் மனநெருக்கடிக்குப் பிந்தைய குறுகிய காலத் துணை

முன்னுரை

மனநோய் முற்றி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர் வீடு திரும்பிய பிறகு வரும் முதல் சில வாரங்கள் ஆபத்து மிகுந்தவை. தற்கொலை விகிதம் அந்நாட்களில் மிகவும் உயர்ந்திருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் உறுதி செய்துள்ளன. அந்த வாரங்களில் அவர் எங்கே தங்கினார், உடன் இருந்தது யார், எப்போது வேலைக்குத் திரும்பினார் என்பவை மாத்திரை அளவுக்கே முக்கியமானவை. தென் தமிழகம் இக்கேள்விகளைக் காலந்தோறும் எப்படி எதிர்கொண்டது என்பதை, விருதுநகர் மாவட்டத்தையும் சிவகாசிப் பட்டாசுப் பகுதியையும் மையமாக வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. குடும்பத்தோடு சில வாரம் வெளியே தங்கித் தேறும் வழக்கம் இங்கு முன்பே இருந்தது. அதில் மருத்துவமும் உரிமையும் இல்லை. அவை வந்து சேர்ந்தபோது அந்தத் தங்கல் கைவிடப்பட்டது. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

தொலைவில் இருந்த மருத்துவமனை

சென்னை மனநலக் காப்பகத்தின் வரலாறு 1794இல் தொடங்குகிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கீழ்ப்பாக்கத்தில் இப்போதுள்ள வளாகத்துக்கு மாறிய அம்மருத்துவமனையே நெடுங்காலமாகத் தமிழகத்தின் பெரிய அரசு மனநல மருத்துவமனையாக இருந்துவருகிறது. விருதுநகரிலிருந்து அது ஏறத்தாழ 500 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் கொண்டுபோய்ச் சேர்த்தவரை வாராவாரம் போய்ப் பார்த்துவரக் கூலிக் குடும்பங்களுக்கு வசதி இல்லை. பார்க்கப் போவது குறையக் குறைய உறவும் அற்றுப்போனது. நோய் தணிந்த பிறகும் திரும்பிவர வீடு இல்லாதவர்கள் பலர்.

இதற்கு மாறான வழியை மருத்துவ உலகம் 1950களிலேயே கண்டது. அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் குடும்பத்தாரை வளாகத்திலேயே கூடாரங்களில் தங்கவைத்தார். பராமரிக்கும் முறையைக் குடும்பம் கண்ணால் பார்த்துக் கற்றதால், வீடு திரும்புவது எளிதாயிற்று. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் குடும்பத்தார் உடன் தங்கும் முறையையே கைக்கொண்டது.

ஒரு மண்டலத் தங்கல்

மருத்துவமனை எட்டாத குடும்பங்கள் வழிபாட்டுத் தலங்களை நாடின. திருச்சிக்கு அருகே குணசீலம் பிரசன்ன வெங்கடாசலபதி கோயிலில் ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தங்கும் வழக்கம் உண்டு. ஏர்வாடி தர்காவுக்கு எல்லா மதத்தாரும் போனார்கள். 1985 வரை இன்றைய விருதுநகர் மாவட்டமும் ஏர்வாடியும் ஒரே இராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தன.

இத்தகைய தங்கலை அறிவியல் முறையில் அளந்த ஆய்வு ஒன்று உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஆர். ரகுராம் குழுவினர் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசுவாமி கோயிலில் தங்கிய 31 பேரைக் கவனித்து, முடிவுகளை 2002இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் வெளியிட்டனர். அங்கே தனிப்பட்ட பரிகாரச் சடங்கு எதுவும் நடக்கவில்லை. நோயாளியும் உடன் வந்த உறவினரும் கட்டணமின்றித் தங்கினர். காலையில் சிறு வழிபாடு, பிறகு கோயிலைக் கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற வேலைகள். சராசரியாக ஆறு வாரத் தங்கலில், நோய்க்குறிகளின் தீவிரத்தைக் காட்டும் மதிப்பெண் 52.9இலிருந்து 42.9ஆக இறங்கியது. அச்சுறுத்தலற்ற, ஆதரவான சூழலே இதற்குக் காரணம் என ஆய்வாளர்கள் கருதினர்.

இதை மருந்துக்கு மாற்றாகக் கொள்ளக் கூடாது. ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறிய ஆய்வு அது. ஆனால் ஒழுங்கான பொழுதும் சிறு வேலையும் பழித்துப் பேசாத மனிதர்களும் நோயின் கடுமையைக் குறைக்க உதவக்கூடும் என்பதற்கு அது நம் மண்ணின் சான்று.

ஏர்வாடிக்குப் பின்

அதே தங்கலின் மறுபக்கத்தை ஏர்வாடி காட்டியது. தர்காவைச் சுற்றித் தனியார் காப்பகங்கள் பெருகியிருந்தன. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை அவற்றுள் ஒன்றில் தீப்பிடித்தது. கூரைக் கொட்டகையில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் தப்பி ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. காப்பகங்கள் மூடப்பட்டன, அங்கிருந்த 500க்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் வந்தனர்.

மூடியது நியாயமான நடவடிக்கை. ஆனால் குடும்பங்களை அங்கே அனுப்பிய தேவை மூடப்படவில்லை. அதை ஈடுசெய்ய வேண்டிய பொறுப்பு மாவட்ட மனநலத் திட்டத்தின் மீது விழுந்தது. 1982ஆம் ஆண்டின் தேசிய மனநலத் திட்டத்தின் கீழ் 1996இல் தொடங்கிய இத்திட்டம், தமிழகத்தில் திருச்சியில் காலூன்றி மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. மனநல மருத்துவர் குறித்த நாட்களில் வட்ட மருத்துவமனைக்கு வருகிறார். மாத்திரை ஊரிலேயே கிடைக்கிறது. மதுரையில் டாக்டர் சி. ராமசுப்பிரமணியன் 1992இல் நிறுவிய எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை மறுவாழ்வுப் பணியில் அனுபவம் சேர்த்தது. 2022இல் விருதுநகருக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தது.

இவற்றால் சிகிச்சை பக்கத்தில் வந்தது. ஆனால் புறநோயாளிச் சீட்டு ஒரு நாளில் சில நிமிடங்களையே நிரப்பும். மீதிப் பொழுதைத் தாயோ மனைவியோ தனியே சுமக்கிறார்.

சட்டமும் புதிய முயற்சிகளும்

2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017, இந்த இடைவெளியைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. பிரிவு 18 இடைநிலை இல்லங்களையும் ஆதரவுடன் கூடிய தங்குமிடங்களையும் அரசு தர வேண்டிய சேவைகளில் சேர்க்கிறது. பிரிவு 19 சமூகத்தோடு வாழும் உரிமையைத் தருகிறது. பிரிவு 95 சங்கிலியைத் தடை செய்கிறது. பிரிவு 98 மருத்துவமனையிலிருந்து அனுப்பும் முன்னரே அடுத்த கட்டப் பராமரிப்பைத் திட்டமிடச் சொல்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மனஅழுத்தத்தில் இருந்தவராகக் கருதிப் பராமரிப்பும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்கிறது பிரிவு 115.

நடைமுறை முயற்சிகளும் உண்டு. 1993இல் சென்னையில் தொடங்கிய ‘தி பேனியன்’ அமைப்பின் அனுபவத்தைக் கொண்டு, தமிழக அரசு 2018 முதல் மாவட்டங்களில் அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையங்களை அமைத்தது. அவை தெருவில் ஆதரவின்றித் திரிபவர்களுக்கானவை. வீடு இருந்தும் சில வாரத் துணை தேவைப்படுபவருக்கானவை அல்ல. சென்னையின் ‘ஸ்கார்ப்’ மனநல ஆய்வு நிறுவனமும் பங்கேற்று 2014இல் ‘லான்செட்’ இதழில் வெளியான, மனச்சிதைவு உள்ள 282 பேர் குறித்த ஆய்வு, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீடு தேடிச் செல்லும்போது, மருத்துவமனைச் சிகிச்சை மட்டும் பெறுவதைவிட ஓரளவு கூடுதல் பலன் கிடைப்பதைக் காட்டியது. இதற்கு ஆள் ஊரிலேயே கிடைப்பார்.

பட்டாசுப் பகுதியின் தனித்தேவை

1923இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் கற்றுவந்த தீப்பெட்டித் தொழிலிலிருந்து வளர்ந்தது சிவகாசியின் பட்டாசுத் தொழில். இங்கே மனநெருக்கடி இரு வழிகளில் தொழிலோடு பிணைந்திருக்கிறது.

முதலாவது, விபத்து. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தில் சுமார் 40 பேர் இறந்தனர். உதவ ஓடியவர்களும் அவர்களில் அடக்கம். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இழப்பீட்டுக் காசோலையும் தீக்காய வார்டும் இத்துயரின் ஒரு பகுதியையே தொடுகின்றன. தப்பியவருக்கு அடுத்த ஆலையின் சோதனை வெடிச் சத்தமே அந்த நாளை மீட்டுக் கொண்டுவரப் போதும். சத்தம் எட்டாத இடத்தில் சில வாரம் தங்குவது இவருக்கு ஆறுதல் தரக்கூடும்.

இரண்டாவது, வேலைக்குத் திரும்புதல். மனநோய் மருந்துகள் சிலருக்குத் தொடக்கத்தில் தூக்கக் கலக்கமும் கைநடுக்கமும் தரும். வெடிமருந்துக் கலவை சேர்ப்பதும் குழாயில் அதைச் செலுத்துவதும் சிறு உராய்வையும் பொறுக்காத வேலைகள். பீஸ் கணக்கில் கூலி வாங்குபவர், வாங்கிய முன்பணத்துக்காக அடுத்த வாரமே அந்த அறைக்குத் திரும்பினால், அவர் உயிருக்கும் பக்கத்தில் இருப்பவர் உயிருக்கும் ஆபத்து. வேலை மறுப்பது இதற்குத் தீர்வாகாது. லேபிள் ஒட்டுதல், பெட்டி அடுக்குதல், காலண்டர் அச்சகங்களில் தாள் அடுக்குதல் என்று வெடிமருந்து புழங்காத வேலைகள் இவ்வூரில் ஏராளம்.

வருமானத்துக்கும் வழி உண்டு. ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் உரிய காலம் சந்தா செலுத்திய தொழிலாளிக்கு நோய்க்கால உதவியாக 70 சதவீத ஊதியம் ஆண்டுக்கு 91 நாட்கள் வரை கிடைக்கும். நீண்டகால நோய்ப் பட்டியலில் மனச்சிதைவு உள்ளிட்ட மனநோய்களும் இருப்பதால், தகுதியுடையோருக்கு 80 சதவீதமாக அது நீளும். வீட்டில் தீப்பெட்டி ஒட்டும் பெண்ணுக்கோ பதிவேட்டில் பெயரில்லாத தொழிலாளிக்கோ இது எட்டாது.

முடிவுரை

கீழ்ப்பாக்கம் மருத்துவம் தந்தது, குடும்பத்தைப் பிரித்தது. கோயிலும் தர்காவும் குடும்பத்தோடு தங்க இடம் தந்தன, மருத்துவம் தரவில்லை; ஏர்வாடிக் காப்பகங்களில் மனித உரிமையும் பறிபோனது. மாவட்டத் திட்டம் மருந்தை ஊருக்குக் கொண்டுவந்தது, தங்குமிடத்தைத் தரவில்லை. சிவகாசிக்கும் சாத்தூருக்கும் இடையே, ஆலைகளிலிருந்து விலகி, பத்துப் படுக்கை கொண்ட திறந்த இல்லம் ஒன்று இம்மூன்றையும் இணைக்கும். ஆறு வார எல்லை, உறவினர் ஒருவர் உடன் தங்க அனுமதி, மாவட்ட மனநல மருத்துவரின் வாராந்திர வருகை, பயிற்சி பெற்ற சுயஉதவிக் குழுப் பெண்களின் துணை, ஆலைப் போர்மேனோடு பேசி வெடிமருந்து புழங்காத வேலைக்கு ஏற்பாடு: இவற்றில் எதுவும் நாம் அறியாத முறை அல்ல. சட்டம் இதை உரிமையாக்கி ஆண்டுகள் ஆகிவிட்டன. மாவட்ட நிர்வாகமும் இந்த உழைப்பால் வளர்ந்த ஆலை உரிமையாளர்களும் சேர்ந்து இதற்கு நிதி ஒதுக்குவது தருமமாகச் செய்யும் உதவி அன்று, அத்தொழிலாளிகளுக்குப் பட்ட கடன்.