இருபத்தைந்து முனை நட்சத்திரம்

டிசம்பர் பிறந்தால் புனே கேம்ப் பக்கம் கடைகளில் காகித நட்சத்திரங்கள் தொங்க ஆரம்பித்துவிடும். நம்ம ஊரில் மூங்கில் குச்சி, கலர் பேப்பர், மைதாப் பசை வைத்து நாமே செய்தது ஐந்து முனை. பந்து மாதிரி எல்லாப் பக்கமும் முனை நீட்டிக்கொண்டு ஒன்று இருக்குமே, அதன் கதை தெரியுமா?

ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்று ஒரு சின்ன ஊர். மொராவிய சபையின் தாய்வீடு. மிஷனரிகள் கரீபியன் தீவுகள், கிரீன்லாந்து என்று போய்விட, பிள்ளைகள் விடுதிப் பள்ளிகளில் வளர்ந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அப்படியொரு பள்ளியில் கணக்குப் பாடத்துக்காகச் செய்ததுதான் இந்த நட்சத்திரம். நடுவில் 18 சதுரம், 8 முக்கோணம், ஆக 26 முகங்கள். ஒன்று விளக்குக்கும் தொங்கவிடவும். மீதி 25இல் கூம்புகள். அப்பா அம்மாவைப் பிரிந்த பிள்ளைகள் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் இதை ஒட்டி மாட்டுவதை வழக்கமாக்கிக்கொண்டார்கள்.

1897இல் வெர்பீக் என்ற புத்தக வியாபாரி, கழற்றி மாட்டும்படி செய்தார். அப்புறம் உலகம் சுற்றியது.

இதே சபையார் 1760இல் நம்ம தரங்கம்பாடிக்கும் வந்தவர்கள். நட்சத்திரம் பிறக்கும் முன்பே கிளம்பிவிட்டார்கள்!

நம்ம கதை தலைகீழ். பிள்ளைகள் கூடவே இருக்கிறார்கள், ஊரில் தனியாக இருப்பது அப்பா அம்மா. இந்த வருஷம் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒன்று ஒட்டி ஊருக்கு அனுப்புங்களேன். கூம்புகளை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கினால் பார்சலில் கசங்காது.