ஜான்சன் தோற்றாரா? நியூ ஹாம்ப்ஷயர், 1968

மாணவர்களே, ஒரு கேள்வி. 1968 மார்ச் 12-இல் நியூ ஹாம்ப்ஷயர் முதனிலைத் தேர்தலில் அதிபர் லிண்டன் ஜான்சன் தோற்றாரா? 'ஆம்' என்று எழுதினால் மதிப்பெண் போச்சு! பலர் சறுக்கும் இடம் இது.

முதலில், முதனிலைத் தேர்தல் என்றால் என்ன? அமெரிக்காவில் அதிபர் தேர்தலுக்கு முன்பே, ஒரு கட்சியின் வேட்பாளர் யார் என்பதற்காக மாநிலங்களில் நடக்கும் வாக்கெடுப்பு. அதில் நியூ ஹாம்ப்ஷயர் முந்திக்கொள்ளும். சின்ன மாநிலம்தான், ஆனால் நாடே அதைக் கவனிக்கும்.

1968 ஜனவரி இறுதியில் வியட்நாமில் 'டெட்' தாக்குதல் நடந்தது. 'போரில் வென்றுகொண்டிருக்கிறோம்' என்ற அரசின் பேச்சை மக்கள் நம்பத் தயங்கினார்கள். ஜான்சனின் சொந்தக் கட்சியைச் சேர்ந்த செனட்டர் யூஜின் மெக்கார்த்தி, போரை எதிர்த்து அவருடனேயே மோதினார். கல்லூரி மாணவர்கள் முடி வெட்டி, தாடி மழித்து, வீடு வீடாகப் போய் அவருக்கு ஆதரவு கேட்டார்கள். அப்போது வாக்களிக்கும் வயது 21. அவர்களில் பலருக்கு ஓட்டே கிடையாது, பாருங்க!

முடிவு? ஜான்சனுக்கு ஏறத்தாழ 49 விழுக்காடு, மெக்கார்த்திக்கு 42. வாக்குச்சீட்டில் ஜான்சனின் பெயரே இல்லை. ஆதரவாளர்கள் கையால் எழுதிப் போட்டார்கள். அப்படியும் அவர்தான் முதலிடம். ஆனால் பதவியில் இருக்கும் அதிபருக்குப் பாதி வாக்குகூட வரவில்லையே! அதைத்தான் எல்லாரும் தோல்வியாகப் பார்த்தார்கள். மார்ச் 16-இல் ராபர்ட் கென்னடி களமிறங்கினார். மார்ச் 31-இல், மீண்டும் போட்டியிடப் போவதில்லை என்று ஜான்சன் அறிவித்தார்.

இன்னொரு தவற்றையும் செய்யாதீங்க. மெக்கார்த்திக்கு வாக்களித்த அனைவரும் சமாதானம் கேட்டவர்கள் அல்லர். போரை இன்னும் கடுமையாக நடத்தணும் என்று நினைத்தவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

அவ்வாண்டு கட்சியின் வேட்பாளரானவர் துணை அதிபர் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி. முதனிலைத் தேர்தல்களில் அவர் களமிறங்கவே இல்லை! கட்சித் தலைவர்களின் ஆதரவே அவருக்குப் போதுமானதாக இருந்தது. 'அப்படியானால் எங்கள் வாக்குக்கு என்ன மதிப்பு?' என்ற கோபம் எழுந்தது. கட்சி விதிகளை மாற்றியது. 1972 முதல் முதனிலைத் தேர்தல்களின் எண்ணிக்கை பெருகியது. 1971-இல் வாக்களிக்கும் வயதும் 18 ஆனது.

ஆசிரியர்களே, வகுப்பில் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: 'எண்ணிக்கையில் வென்றவர் ஏன் விலகினார்?' எண்ணை மட்டும் எழுதும் மாணவரையும், அதன் பொருளை விளக்கும் மாணவரையும் இந்த ஒரு கேள்வியே காட்டிக் கொடுத்துவிடும்.