நரம்பும் விரலும்: யாழ் முதல் வீணை வரை

நரம்புக் கருவியொன்றின் சிறப்பினை அது எழுப்பும் ஓசையின் அளவு கொண்டு மதிப்பிடுதல் பொதுவழக்கு. ஆயின், கருவியை மீட்டுவோர் நாடுவது வேறொன்றாகும். மெல்லத் தொட்டால் மென்மையாகவும், விசையுடன் மீட்டினால் வன்மையாகவும் அது மறுமொழி தருகின்றதா என்பதே அவர்தம் வினா. விசை மிகும்போது ஓசை மட்டுமன்றி ஒலியின் நிறமும் மாறும். மேற்கிளைச் சுரங்கள் கூடுதலாக எழுந்து ஒலி கூர்மை பெறும். இவ்வியல்பைக் கொண்டு தமிழர் கருவி வரலாற்றை நோக்குதல் பயனுடைத்து.

பண்டைய யாழில் ஒவ்வொரு சுரத்திற்கும் ஒவ்வொரு நரம்பு உண்டு. பேரியாழ் இருபத்தொரு நரம்பினது. செங்கோட்டியாழ் ஏழு நரம்பினது. பத்தரின் மேல் தோற்போர்வை இழுத்துக் கட்டப்பட்டது. மெல்லிய தோல் சிறு விசைக்கும் உடனே அதிரும். அவ்வதிர்வு விரைவில் அடங்கவும் செய்யும். எனவே யாழோரின் திறன் பெரிதும் விரலின் தொடுகையிலேயே தங்கியிருந்திருத்தல் வேண்டும். சிலப்பதிகாரத்தின் கானல்வரி எட்டு இசைக்கரணங்களைப் பெயரிட்டுக் கூறுவது இதற்குச் சான்றாகலாம். சுட்டுவிரலும் பெருவிரலும் கூட்டி நரம்பை ஆராய்வதற்கு ‘வடித்தல்’ என்றே தனிப்பெயர் இருந்தது. மறைந்த இக்கருவியின் இலக்கணத்தை விபுலாநந்த அடிகள் பல்லாண்டு ஆராய்ந்து யாழ்நூலாக்கினார். அது 1947 இல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது.

யாழின் இடத்தைப் பெற்ற வீணையின் தேவை முற்றிலும் வேறானது. இருபத்துநான்கு மெட்டுகளின் மேல் செல்லும் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, ஒரே மீட்டில் பல சுரங்களைக் காட்டுவது கமகத்தின் உயிர்நிலை. ஆதலின் ஒலி நீடித்து நிற்றல் இன்றியமையாதது. பலாமரத்தைக் குடைந்து குடமாக்கி மரப்பலகையால் மூடும்போது, பலகை மிகத் தடித்தால் மெல்லிய மீட்டு எழாது. மிக மெலிந்தால் ஒலி எழுந்தவுடன் வீழும். இரண்டிற்கும் இடைப்பட்ட அளவைக் கையாலும் செவியாலும் அறிவதே தஞ்சைத் தச்சரின் தொழில்நுட்பம்.

இதே சிக்கலை மேலைநாட்டுக் கிற்றார் செய்வோரும் எதிர்கொண்டனர். ஸ்பானிய நாட்டு அந்தோனியோ தொரெஸ் 1862 இல் பக்கங்களையும் முதுகையும் காகித அட்டையாற் செய்து, மேற்பலகையை மட்டும் மரத்தால் அமைத்தார். கிற்றாரின் குரலை முதன்மையாகத் தீர்மானிப்பது மேற்பலகையே என நிறுவுதல் அவர் நோக்கம். பலகையை மெலிதாக்கி, அடியில் விசிறிபோற் சட்டங்கள் பொருத்தும் அவரது முறை பின்னோர்க்கு வழிகாட்டிற்று.

கருவியின் மறுமொழி கேட்கும் இடத்தையும் சார்ந்தது. சரவணை, வேலணை முதலிய தீவக ஊர்களின் கோயில் வீதிகளில் நாதசுரமும் தவிலுமே ஒலிக்கும். திறந்தவெளியை நிரப்பும் ஆற்றல் வீணைக்கு இல்லை. வீணை தனம்மாள் (1867–1938) சென்னையில் தம் இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்தபோது, சிலரே அருகமர்ந்து கேட்டனர். அங்கு மிக மெல்லிய மீட்டும் வீணாகவில்லை. பின்னர்ப் பெருமண்டபங்களும் ஒலிபெருக்கியும் வந்தன. எஸ். பாலசந்தர் (1927–1990) ஒரே மீட்டில் தந்தியை நெடுந்தூரம் இழுத்துச் சுரக்கோவைகளைக் காட்டிப் புகழ்பெற்றார். ஒலிவாங்கி, அடங்கும் ஒலியையும் கடைசி வரிசைக்குக் கொண்டுசென்றது. ஆயின், எல்லா மீட்டையும் ஒரே உரத்தில் ஒலிக்கச் செய்யின், மென்மைக்கும் வன்மைக்கும் இடையிலான வேறுபாடு தேய்ந்துவிடும். கருவி செய்தோன் பலகையிற் செலவிட்ட உழைப்பும் அதனோடு மறையும்.

மருதனார்மடத்தில் 1960 இல் தோன்றிய இராமநாதன் இசைக்கல்லூரி, பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் பிரிவாயிற்று. யாழின் பெயர்தாங்கிய மண்ணில் வீணை பயில்வோர், கருவியைத் தேரும்போது அது எவ்வளவு உரக்க ஒலிக்கிறது எனக் கேட்பதோடு அமையாது, எவ்வளவு மெல்லத் தொட்டாலும் பேசுகிறதா எனவும் கேட்டறிதல் வேண்டும். கைக்குக் கருவி தரும் பயிற்சி அங்குதான் தொடங்குகின்றது.