கறிக்கோழித் தீவனத்தில் மாற்றுத் தானியங்கள்

கறிக்கோழித் தீவனத்தில் மக்காச்சோளத்துக்கு ஈடாக, முழுமையாகவோ ஒரு பங்காகவோ சேர்க்கப்படும் கம்பு, சோளம், அரிசிக் குருணை, கோதுமை போன்றவை மாற்றுத் தானியங்கள் எனப்படும். வளர்ப்புச் செலவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தீவனத்துக்கே போகிறது. அதில் பாதிக்கு மேல் மக்காச்சோளம். 2018இல் இந்தியாவுக்குள் நுழைந்த படைப்புழு அப்பயிரைத் தாக்கியது. அண்மை ஆண்டுகளில் எத்தனால் ஆலைகளும் மக்காச்சோளத்தைப் போட்டி போட்டு வாங்குகின்றன. ஒரே தானியத்தை நம்பியிருப்பது பண்ணைத் தொழிலுக்கு ஆபத்து.

தமிழ்நாட்டுக்கு மிகவும் பொருந்துவது கம்பு. வறட்சியைத் தாங்கி மானாவாரியில் விளையும். மக்காச்சோளத்தில் புரதம் 8–9 விழுக்காடு. கம்பில் பெரும்பாலும் 10–12 விழுக்காடு. லைசின் என்னும் அமினோ அமிலமும் கூடுதல் என்பதால் விலை மிகுந்த சோயா புண்ணாக்கைச் சற்றுக் குறைக்கலாம். மணி சிறியது என்பதால் ஒரு பகுதியை அரைக்காமலே கலந்தால் அரவைச் செலவு மிச்சமாகும், கோழியின் அரைவைப்பையும் வலுப்பெறும். கொழுப்பு அதிகமுள்ளதால் கம்பு மாவு விரைவில் கசந்துவிடும். தேவைக்கேற்ப அவ்வப்போது அரைப்பதே நல்லது. தேனொழுகல் நோய் கண்ட கதிரின் தானியத்தைத் தீவனத்தில் சேர்க்கவே கூடாது.

சோளத்தில் இரகம் பார்க்க வேண்டும். பறவைகள் தீண்டாத செம்பழுப்பு இரகங்களில் டானின் மிகுதி. அது புரதச் செரிமானத்தைக் கெடுத்து வளர்ச்சியைத் தடுக்கும். டானின் குறைந்த வெள்ளைச் சோளம் ஆற்றலில் மக்காச்சோளத்தை நெருங்கும். அரிசிக் குருணை எளிதில் செரிக்கும், நார் குறைவு.

ஐரோப்பா, கனடா, ஆஸ்திரேலியா ஆகியவற்றில் கோதுமை முதன்மைத் தீவனத் தானியங்களுள் ஒன்று. அதிலுள்ள அராபினோசைலன் குடலில் பசைபோல் திரண்டு, எச்சத்தை ஒட்டும்தன்மை கொண்டதாக்கி, ஆழ்கூளத்தை ஈரமாக்கும். சைலனேஸ் நொதி கலந்தால் இக்குறை பெரிதும் தீரும். பார்லிக்கு வேண்டிய நொதி பீட்டா-குளுக்கனேஸ். பல்லடம் வட்டார ஒப்பந்த வளர்ப்பில் தீவனம் நிறுவனத்திலிருந்து வருகிறது. ஆனால் ஈரமான கூளத்தைக் கிளறி உலர்த்தும் பாடு பண்ணையாளருடையது. தானிய மாற்றத்தை அவருக்கு முன்கூட்டியே தெரிவிப்பதுதான் நியாயம்.

கிலோவுக்குக் கிலோ மாற்றுவது தவறு. மூட்டை விலையை ஒப்பிடாமல், கோழிக்குக் கிடைக்கும் ஆற்றலுக்கு என்ன விலை என்று பார்க்க வேண்டும்; எண்ணெய், அமினோ அமிலங்களின் அளவையும் மறுபடி கணக்கிட வேண்டும். குஞ்சுப் பருவத்தில் குறைவாகவும் வளர்ந்தபின் கூடுதலாகவும் சேர்ப்பது வழக்கம். மக்காச்சோளம் குறைந்தால் கோழித் தோலின் மஞ்சள் நிறமும் வெளுக்கும். மஞ்சள் தோலை விரும்பும் சந்தைகளுக்குச் செண்டுமல்லிச் சாறு சேர்ப்பதுண்டு.