கோடை விடுமுறையில் வாத்தியார்களும் மாணவர்களே

"வாத்தியார் வேலைக்கு என்ன குறை, கோடை வந்தால் ஊரைப் பார்க்கப் போய்விடலாம்" என்று அரசு அலுவலகங்களில் ஒரு பேச்சு உண்டு. ஆனால் விடுமுறையிலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பயிற்சிக்குப் போன கணக்கு, அறிவியல் ஆசிரியர்கள் ஏராளம். அவர்களுடைய பயணப்படிப் பட்டியல்களைச் சரிபார்த்து மேலே அனுப்பும் வேலை சில ஆண்டுகள் எனக்கு இருந்தது. அதனால் இந்தக் கோடைப் பயிற்சி எங்கிருந்து வந்தது என்பதை அறிந்துகொள்ள ஓர் ஆசை. ஓய்வு பெற்ற பிறகு படித்ததில் கொஞ்சம் இங்கே எழுதுகிறேன்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்குப் பயிற்சி என்றால் 'ஸ்தாஜ்'. பயிற்சிக்குப் போகிறவர் 'ஸ்தாஜியேர்'. தலை நரைத்த ஆசிரியரானாலும் அங்கே போனால் கற்றுக்கொள்ள வந்தவர்தான். அந்தச் சொல்லில் உள்ள பணிவுதான் இந்த வரலாற்றுக்கே அடிப்படை என்று எனக்குத் தோன்றுகிறது.

ரஷ்யா 1957 அக்டோபர் 4ஆம் தேதி ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியதும், அதிர்ந்துபோன அமெரிக்கா தன் ஆசிரியர்களைக் கோடைப் பயிற்சிக்கு அனுப்பத் தொடங்கியது என்று பலர் சொல்வார்கள். உண்மையில் அது முன்பே தொடங்கிவிட்டது. அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1953 கோடையில் கல்லூரி ஆசிரியர்களுக்கும், 1954 கோடையில் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உயர்நிலைப் பள்ளிக் கணக்கு ஆசிரியர்களுக்கும் வகுப்புகள் நடத்தியது. ஸ்புட்னிக் செய்தது, பணப்பெட்டியைத் திறந்துவிட்டதுதான். அதற்குப் பிறகு ஒவ்வொரு கோடையிலும் இத்தகைய வகுப்புகள் நூற்றுக்கணக்கில் நடந்தன.

குமாஸ்தா கண்ணுக்கு முதலில் படுவது பணக்கணக்குதானே! அங்கே பல ஆசிரியர்களுக்குக் கோடையில் சம்பளம் கிடையாது. கடையிலோ பண்ணையிலோ வேலை செய்துதான் வீட்டை ஓட்டுவார்கள். அவர்களை வா என்றால் எப்படி வருவார்கள்? ஆகவே அறுபதுகளில் வாரத்துக்கு 75 டாலர் உதவித்தொகை கொடுத்தார்கள். குடும்பத்தில் அவரை நம்பி இருப்பவர் ஒவ்வொருவருக்கும் வாரம் 15 டாலர் கூடுதல். பிள்ளைகுட்டிக்காரரும் நிம்மதியாக வந்து படிக்கலாம். அந்த விதியை எழுதியவருக்கு வீட்டு நிலவரம் தெரிந்திருக்கிறது.

பாடமும் மாறியது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஜெரால்ட் சகாரியாஸ் என்ற இயற்பியலர் 1956இல் ஒரு குழுவைக் கூட்டி, பள்ளி இயற்பியலைப் புதிதாக அமைத்தார். அந்தப் பாடத்துக்கான பயிற்சியில் ஆசிரியர் உட்கார்ந்து குறிப்பெடுத்தால் மட்டும் போதாது. கண்ணாடி அடித்தட்டு உள்ள தொட்டியில் தண்ணீர் ஊற்றி, அலை எப்படி வளைகிறது என்று அவரே பார்த்து, அளந்து, தப்பு வந்தால் மறுபடியும் செய்யவேண்டும்.

இந்த முறை இந்தியாவுக்கு 1963இல் வந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவும், 1961இல் அமைந்த தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் அமெரிக்க உதவியோடு கோடை வகுப்புகளை நடத்தின. அமெரிக்கப் பேராசிரியர்களும் வந்தார்கள், புதுப் புத்தகங்களும் வந்தன. ஆனால் இங்கே ஒரு சிக்கல். ஆசிரியர் ஊர் திரும்பினால் பள்ளியில் அந்தக் கருவி இருக்காது. பாடநூல் பழையது, பரீட்சைத் தாளும் பழையது. கோடையில் கற்றதை ஜூன் மாதத்தில் எங்கே வைப்பார்?

இந்தக் கேள்விக்கு நான் அறிந்தவரை நல்ல பதில் சொன்னது மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டம். அங்கே 1972இல் கிஷோர் பாரதி, ரசூலியாவிலிருந்த நண்பர்கள் கிராம மையம் ஆகிய இரண்டு தொண்டு அமைப்புகள், மாநில அரசின் அனுமதியோடு 16 நடுநிலைப் பள்ளிகளில் அறிவியலைச் சோதனை வழியாகக் கற்பிக்கத் தொடங்கின. கோடையில் கூடிய ஆசிரியர்கள், பிள்ளைகள் செய்யப்போகும் சோதனைகளைத் தாங்களே முதலில் செய்தார்கள். டாடா ஆய்வு நிறுவனத்திலிருந்தும் டெல்லிப் பல்கலைக்கழகத்திலிருந்தும் வந்த விஞ்ஞானிகள் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். "எனக்குத் தெரியவில்லை" என்று விஞ்ஞானியும் சொல்லலாம், ஆசிரியரும் சொல்லலாம்.

கருவிக்குப் பெரிய செலவில்லை. பூவைப் பிரிக்கக் கருவேல முள்ளே போதும். 1978இல், டெல்கோ நிறுவனத்தில் பொறியாளராக இருந்த அரவிந்த் குப்தா விடுப்பு எடுத்துக்கொண்டு அங்கே வந்தார். சைக்கிள் வால்வு டியூபைத் துண்டாக்கி, அதில் தீக்குச்சிகளைச் செருகி முக்கோணமும் சதுரமும் செய்து காட்டினார். சதுரம் அசைகிறது, முக்கோணம் அசையவில்லை. கணக்கு அங்கே கைக்கு வந்துவிட்டது.

கோடை முடிந்தாலும் அவர்கள் விடவில்லை. மாதம் ஒரு முறை ஆசிரியர்கள் கூடி, வகுப்பில் சரியாக வராத சோதனையைப் பற்றிப் பேசினார்கள். பள்ளிக்கே போய்ப் பார்த்து உதவ ஆள் இருந்தார். எட்டாம் வகுப்புப் பரீட்சையையும் மாற்றினார்கள். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதலாம், செய்முறைத் தேர்வும் உண்டு. 1978இல் திட்டம் மாவட்டம் முழுவதும் பரவியது. 1982இல் பிறந்த ஏகலவ்யா அமைப்பு அதை ஏற்று மற்ற மாவட்டங்களுக்கும் கொண்டுபோனது. முப்பது வருஷம் நடந்த பிறகு, 2002இல் மாநில அரசு நிறுத்திவிட்டது. பலர் எதிர்த்தும் பயனில்லை.

நான் சரிபார்த்த பட்டியல்களில் புறப்பட்ட நேரம், வந்து சேர்ந்த நேரம், டிக்கெட் எண், வருகைச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. திரும்பிய பிறகு அந்த ஆசிரியருக்கு வகுப்பில் என்ன தேவைப்பட்டது என்று எழுத ஒரு வரிகூட இல்லை. ஹோஷங்காபாத்தில் அந்த வரியை முப்பது வருஷம் எழுதினார்கள். இன்று பயிற்சிக்கு உத்தரவு போடுகிறவர்கள் நாள்கணக்கை மட்டும் பார்க்காமல், ஜூன் மாதத்துக்கும் ஒரு தொகையும் ஒரு ஆளும் ஒதுக்கினால் போட்ட பணம் வீண்போகாது.