வளவுக்குள் விழுந்த மழை

மேகம் கறுத்துவிட்டால் எங்கள் அப்பத்தா, வீட்டின் நடுவே திறந்திருக்கும் வளவு வாசலின் நான்கு மூலையிலும் அண்டா வைக்கச் சொல்வார். உடனே இல்லை. முதல் மழை ஓட்டிலிருக்கும் தூசியையும் காக்கை எச்சத்தையும் கழுவிக்கொண்டு போக வேண்டும். அது வடிந்தபின் அண்டா வைப்போம். நான்கு பக்கத்துக் கூரையும் உள்நோக்கிச் சரிந்திருப்பதால், விழுந்த தண்ணீர் தகரத் தூம்பு வழியாக மூலைக்கு ஓடிவந்து கொட்டும். கிணற்றுத் தண்ணீரில் வேகாத பருப்பு அந்தத் தண்ணீரில் பூப்போல வெந்துவிடும். மிச்சம் வடிகால் வழியே ஊருணிக்குப் போய்ச் சேரும்.

எங்கள் ஊர் காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. மழை குறைந்த செம்மண் பூமி. நகரத்தார் எனப்படும் செட்டியார்களின் ஊர்கள் முன்பு 96 என்பார்கள்; இப்போது எழுபத்தைந்துக்குள் அடங்கும். இங்குள்ள பெரிய வீடுகளில் பெரும்பாலானவை 1850-க்கும் 1940-க்கும் இடையில் எழுந்தவை. பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் வட்டிக்கடை வைத்துச் சேர்த்த பணம் அவற்றில் இருக்கிறது. எங்கள் பாட்டையாவுக்குப் பர்மாவின் மோல்மேனில் கடை. தூணுக்கும் நிலைக்கும் தேக்கு அங்கிருந்து கப்பலில் வந்தது.

இன்று கேமராவோடு வருபவர்கள் நிலைக்கதவின் செதுக்கலைப் படம் எடுக்கிறார்கள். எடுக்கட்டும், அழகுதான். அந்தக் கதவுக்கு நேராக நின்று பாருங்கள் என்று நான் அவர்களிடம் சொல்வதுண்டு. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படிக் கட்டு என ஒவ்வொரு வாசலும் ஒரே கோட்டில் இருக்கும். தெருவாசலில் நின்றால் அடுத்த தெருப் பக்கத்துக் கொல்லை வெளிச்சம் கண்ணில் படும். அந்தக் கோட்டில்தான் காற்று நடந்தது. சித்திரை வெயிலிலும் வளவுப் பத்தியில் பாயைப் போட்டுப் படுத்தால் தூக்கம் வரும்.

வளவைச் சுற்றியிருக்கும் அறைகள் சின்னவை. வந்தவர்கள் இவ்வளவு பெரிய வீட்டில் ஏன் இவ்வளவு சிறிய அறை என்று கேட்பார்கள். கல்யாணமான ஒவ்வொரு மகனும் ஒரு புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அறை. பெண் கொண்டுவந்த சீர்சாமான், வெள்ளிப் பாத்திரம், பட்டுப்புடவை எல்லாம் அதற்குள் இருக்கும். மற்றபடி வாழ்க்கை வளவில்தான். வற்றல் காய்வது வாசலில், பிள்ளைகள் புரள்வது பத்தியில், பெண்கள் தலைபின்னிக்கொள்வது தூணோரத்தில். மகனை ‘வேறு வைத்த’ பிறகு அடுப்பு தனியாகும். ஒரே கூரைக்குள் நாலு அடுப்பு எரிந்த வீடு எங்களுடையது. சண்டையும் இருந்தது. அந்தச் சண்டையைத் தாங்குவதற்கும் வீட்டில் இடம் இருந்தது.

சுவரைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. சுண்ணாம்பை ஊறவைத்து, அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் சேர்த்து, பூச்சின் மேல் பூச்சாக ஏற்றுவார்கள். கடைசிப் பூச்சில் முட்டையின் வெள்ளைக்கரு சேரும். பிறகு வழவழப்பான கல்லால் மணிக்கணக்கில் தேய்ப்பார்கள். எண்ணெய் வைத்த தலையோடு நாங்கள் எல்லோரும் அந்தச் சுவரில்தான் சாய்ந்து உட்கார்ந்தோம். ஈரத்துணியால் ஒரு துடை, கறை போய்விடும். என் நினைவில் அந்தச் சுவருக்கு வெள்ளையடித்ததே கிடையாது.

தரை ஆத்தங்குடிக் கல். கல் என்று சொல்கிறோமே தவிர, அது சிமெண்ட். பதினைந்து வயதில் ஆத்தங்குடியில் ஒரு பட்டறைக்கு அப்பச்சியோடு போனேன். ஒருவர் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் சதுரக் கண்ணாடி. அதன்மேல் கட்டம் கட்டமாகப் பிரித்த உலோக அச்சு. சாயம் கலந்த சிமெண்ட் கூழைக் கரண்டியால் மொண்டு ஒவ்வொரு கட்டத்திலும் ஊற்றினார். சிவப்பு, பச்சை, மஞ்சள். ஊற்றும் கை ஓர் இடத்தில்கூடத் தயங்கவில்லை. அச்சைத் தூக்கியதும் நிறங்கள் ஒன்றையொன்று தொட்டு நின்றன, கலக்கவில்லை. மேலே காய்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அதற்குமேல் கலவை போட்டு அழுத்தினார். சூளை கிடையாது. காயவிட்டுத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு எடுத்தால், உலர்ந்தபின் கண்ணாடி தானாக விலகிவிடும். பார்க்கிற பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது. பதித்தபின் உமியும் தேங்காயெண்ணெயும் போட்டுத் தேய்ப்பார்கள். அதற்குப்பின் காலடி பட்டுப்பட்டு மெருகு கூடும். யாரும் நடக்காத மாடி அறையில் எங்கள் தரை மங்கிக் கிடக்கிறது. சாமியறை வாசலில் இன்றும் முகம் தெரிகிறது.

இந்த வீடுகளைக் கட்டிய பணத்துக்கும் ஒரு முடிவு வந்தது. 1930-இல் உலகப் பொருளாதார மந்தம் வந்து நெல் விலை சரிந்தது. கடன் வாங்கியவர்கள் திருப்ப முடியாமல், கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சுமார் கால் பங்கு நிலம் செட்டியார்கள் கைக்கு வந்தது. வரவாக வந்த அந்த நிலம் பிறகு பெரும் இழப்பாக முடிந்தது. 1942-இல் ஜப்பான் படை நுழைந்தபோது பர்மாவிலிருந்த பல்லாயிரம் இந்தியர்கள் கால்நடையாக நாடு திரும்பினார்கள். 1948-இல் பர்மா அரசு நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் இயற்றியது. வீடுகள் நின்றன, பராமரிக்கும் வருமானம் நின்றுவிட்டது.

எங்கள் பங்காளி வீடு ஒன்றில் பத்து வருடம் ஓடு மாற்றவில்லை. பங்கு பிரிவதில் தகராறு. யார் செலவு செய்வது என்று ஒவ்வொருவரும் காத்திருந்தார்கள். உடைந்த ஓட்டின் வழியே இறங்கிய தண்ணீர் சுவருக்குள் ஊறி, ஓர் ஐப்பசி இரவில் வளவின் ஒரு பக்கக் கூரை சரிந்தது. தூண்களைக் கழற்றி விற்றார்கள். முட்டைச்சுவர் லாரியில் ஏறாது. அதை இடித்தார்கள். சில ஆண்டுகள் கழித்து வெளியூர் ஹோட்டல் ஒன்றின் வரவேற்பறையில் அதே வேலைப்பாட்டுத் தூண் ஒன்றைப் பார்த்தேன். அதன் தலைக்கும் கூரைக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி இருந்தது. அங்கே நிற்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன்.

உங்களுக்கும் இப்படி ஒரு வீட்டில் பங்கு இருக்கலாம். பங்காளிகளோடு பேச்சுவார்த்தை இல்லாமலும் இருக்கலாம். வழக்கு அதன்பாட்டுக்கு நடக்கட்டும். ஆவணியில் ஓட்டுக்காரரைக் கூப்பிட்டு உடைந்த ஓடுகளை மட்டுமாவது மாற்றிவிடுங்கள். ஐப்பசி மழை யார் பங்கு என்று பார்த்துப் பெய்வதில்லை.